ஜித்தாவுக்கு எத்தனை மணித்தியாலம்?



எங்கள் ஊர் மத்ரஸா மண்டபத்தில் வெள்ளிக்கிழமைகளில் அஸருக்குப் பின் பெண்களுக்கு ஒரு மார்க்க வகுப்பு நடத்தி வருகிறேன். நடுவிலே ஒரு திரை. கேள்விகள் சிறு துண்டுகளில் எழுதப்பட்டு, ஒரு சிறுமியின் கையில் திரைக்கு இப்பால் வந்து சேரும். எழுதத் தெரியாத உம்மாமார் குரல் கொடுத்தே கேட்பார்கள்.

சில வருடங்களுக்கு முன் உம்றாவுக்குப் புறப்படவிருந்த ஒரு தாய் அப்படிக் குரல் கொடுத்துக் கேட்டார்: "மௌலவி, இஞ்ச இருந்து ஜித்தாவுக்கு எத்தின மணித்தியாலம்?"

"ஆறு மணித்தியாலம் உம்மா" என்றேன். அவ்வளவுதான். அடுத்த துண்டைப் பிரித்து வாசிக்கத் தொடங்கிவிட்டேன்.

அந்தப் பதில் பிழையானதல்ல. ஆனால் அதைப் போதுமான பதில் என்று நான் நினைத்ததுதான் பிழை. அந்தத் தாய் திரும்பி வந்து என் மனைவியிடம் சொன்ன கதையைக் கேட்ட பிறகு எனக்கு அது விளங்கியது. அக்கதையைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன், அன்று நான் சொல்லியிருக்க வேண்டியவற்றை உங்களுக்காவது ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து ஜித்தாவுக்கு, பூமிப் பந்தின் மேல் நேராக ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், அதன் நீளம் ஏறத்தாழ 4,650 கிலோமீற்றர் வரும். வீட்டில் பிள்ளைகளின் பூகோள உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்து நீங்களே வைத்துப் பாருங்கள். அது மன்னார் வளைகுடாவைக் கடந்து, இந்தியாவின் தென் முனையில் திருவனந்தபுரத்தை ஒட்டிப் போகும். அதன் பின் அரபுக் கடல். கடலில் சற்றுத் தூரம் போனதும், முஸ்லிம்களே பெரும்பான்மையாக வாழும் இலட்சத்தீவுகளின் மேல் அந்த நூல் கிடக்கும். பிறகு நெடுந்தூரம் தண்ணீரைத் தவிர வேறொன்றுமில்லை. ஓமானின் ஸலாலா பக்கத்தில் கரையேறி, ருப்உல் காலி என்னும் பெரும் மணற்காட்டைக் குறுக்கறுத்து, தாயிப் மலைகளைத் தாண்டினால் ஜித்தா.

விமானம் அந்த நூலின் மேலேயே போகுமென்றில்லை. காலநிலைக்கும் வான்வழி ஒழுங்குகளுக்கும் ஏற்ப வடக்கே சற்று வளைந்தும் போகும். ஆயினும் நூலை மனதில் வைத்துக் கொள்ளுங்கள். அதனால் ஒரு பெரிய நன்மை உண்டு. ஜித்தாவை நோக்கி நேராகப் போகும் விமானம் ஏறத்தாழ மக்காவை நோக்கியே போகிறது. ஆகவே போகும்போது, ஆசனத்தில் அமர்ந்திருப்பவரின் முகம் பெரும்பாலும் கிப்லாவின் பக்கமே இருக்கும். திசை கேட்டு யாரிடமும் அலையத் தேவையில்லை. திரும்பி வரும்போது கிப்லா முதுகுக்குப் பின்னால் இருக்கும்.

நேரத்தைப் பார்ப்போம். நடுவில் எங்கும் இறங்காத விமானமென்றால் போவதற்கு ஏறத்தாழ ஆறு மணித்தியாலம், வருவதற்கு ஏறத்தாழ ஐந்தரை மணித்தியாலம். ஒரே தூரத்துக்கு ஏன் இரண்டு கணக்கு? உயரத்திலே, அரபு நாட்டின் வானில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஒரு பலத்த காற்று வீசுகிறது. குளிர் மாதங்களில் அதன் வேகம் அதிகம். போகும் விமானத்தை அது எதிர்க்கிறது, வரும் விமானத்தைத் தள்ளிவிடுகிறது. ஆற்றில் தோணி வலிப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி, கடிகாரம். சவூதி நேரம் எங்கள் நேரத்துக்கு இரண்டரை மணித்தியாலம் பிந்தியது. இங்கே பகல் 2 மணிக்கு ஏறுபவர் அங்கே மாலை ஐந்தரைக்கு இறங்குவார். கையிலுள்ள கடிகாரமோ இரவு 8 மணி காட்டும். இந்த இரண்டரையும் எப்போதும் இப்படியே இருந்ததல்ல. 1996 மே மாதத்தில் இலங்கை அரசு மின்சாரத்தை மிச்சப்படுத்தக் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. அந்த ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே இழுத்தது. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரம் திரும்பி வந்தது. அந்தப் பத்து வருடங்கள் ஊர்ப் பள்ளிவாசல்களில் பழைய நேரம், புதிய நேரம் என்று இரண்டு கணக்கு ஓடியது உங்களில் மூத்தவர்களுக்கு ஞாபகமிருக்கும். அந்நாளில் சவூதியிலிருந்து பிள்ளைகள் தொலைபேசி எடுக்கும்போது, உம்மா தொழுகிறாவா தூங்குகிறாவா என்று கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது.

பிள்ளைகள் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் நகர முடியவில்லை. இந்த வழியால் போகிறவர்களில் இஹ்ராம் துணி கொண்டு போகிறவர்கள் ஒரு பகுதியினர்தாம். வீட்டு வேலைக்குப் போகும் எங்கள் சகோதரிகளும் இதே ஆசனங்களில், இதே ஆறு மணித்தியாலம் இருந்துதான் போகிறார்கள். அவர்களுக்கு வரும் வழி இரண்டு வருடங்களுக்குப் பின்னரே திறக்கும். எனக்குத் தெரிந்த ஒரு பெண் ஜித்தாவில் ஒரு வீட்டில் இருந்தார். ஊரில் தாய் மௌத்தானார் என்ற செய்தி ளுஹருக்குச் சற்று முன் அவருக்குப் போனது. ஆறு மணித்தியாலத் தூரம்தானே, மகள் வரும்வரை வைத்திருப்போமா என்று குடும்பத்தில் ஒருவர் கேட்டார். கடவுச்சீட்டு எசமானிடம் இருந்தது. வெளியேறும் அனுமதி எடுக்க வேண்டும், விமானத்தில் இடம் கிடைக்க வேண்டும். எல்லாம் கைகூடினாலும், கட்டுநாயக்கவிலிருந்து எங்கள் ஊருக்கு வர மேலும் ஓர் இரவு வேண்டும். ஜனாஸாவைத் தாமதிக்காமல் அடக்குவதே மார்க்கம். அஸருக்குப் பின் அடக்கிவிட்டோம்.

அன்றிரவு அந்தப் பெண் என்னிடம் தொலைபேசியில் கேட்டது ஒரே கேள்வி. "நான் உம்மாக்கு ஒண்டுமே செய்ய ஏலாதா?" ஏலும். தூரத்தில் மரணித்தவருக்காக, இருந்த இடத்திலிருந்தே காயிப் ஜனாஸாத் தொழுகை தொழுவது எங்கள் ஷாபிஈ மத்ஹபில் கூடும். ஜமாஅத் இல்லாவிட்டாலும் ஒரு பெண் தனியாகத் தொழலாம். நான்கு தக்பீர், ருகூஉம் இல்லை, ஸுஜூதும் இல்லை. அதைச் சொல்லிக் கொடுத்தேன். பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டு, அந்தச் சமையலறையிலேயே நின்று தொழுததாகப் பின்னர் சொன்னார். வெளிநாட்டில் மகளோ ராத்தாவோ இருக்கும் வீட்டார், போகும் முன்பே இதை அவர்களுக்குச் சொல்லி அனுப்புங்கள். அந்த நேரத்தில் கேட்க ஆள் கிடைக்காமல் போகலாம்.

இப்போது, ஊரிலிருந்து விமான நிலையம் வரையுள்ள வழி. கொழும்பிலிருப்பவருக்கு இது ஒரு விடயமே அல்ல. 2013இல் அதிவேகப் பாதை திறந்த பிறகு அரை மணித்தியாலமோ கொஞ்சம் கூடவோ. கிழக்கிலிருந்து புறப்படும் எங்களுக்கோ, வான் வண்டியில் முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓட வேண்டும். ஏழு, எட்டு மணித்தியாலம் போய்விடும். விமானம் நாலாயிரத்துச் சொச்சம் கிலோமீற்றரைக் கடக்கும் நேரத்தை விட இது கூட. விமான நிலையத்தில் மூன்று, நான்கு மணித்தியாலம் முன்னதாக நிற்கச் சொல்வார்கள். ஜித்தாவில் இறங்கிய பின் குடிவரவு வரிசை, பெட்டிகள், பஸ்ஸுக்குக் காத்திருப்பு. பிறகு மக்காவுக்கு இன்னும் ஒன்றரை மணித்தியாலமளவு. 2018 முதல் ஜித்தாவையும் இரு ஹரம்களையும் இணைத்து ஓடும் அதிவேக ரயில் இருந்தாலும், குழுவாகப் போகிறவர்களை அனேகமாகப் பஸ்ஸில்தான் ஏற்றுவார்கள். கூட்டிப் பாருங்கள். இஷாத் தொழுதுவிட்டு வீட்டை விட்டிறங்கிய ஒரு பெண், கஃபாவைக் காணும்போது ஏறத்தாழ ஒரு முழு நாள் கழிந்திருக்கும். அந்த ஒரு நாளுக்குத்தான் நான் "ஆறு மணித்தியாலம்" என்று பதில் சொன்னேன்.

போர்க் காலத்தில் இந்தத் தரைவழிக்குக் கணக்கே இருக்கவில்லை. சோதனைச் சாவடிகளில் பெட்டிகளை இறக்கி ஏற்றி, இரவில் நகர முடியாமல் வழியில் தங்கி, இரண்டு நாட்களுக்கு முன்பே புறப்பட்டவர்கள் உண்டு. 1990 ஜூலையில், ஹஜ்ஜை முடித்துத் திரும்பியவர்களும் கலந்திருந்த பயணிகள் கூட்டமொன்று, காத்தான்குடிக்கு வரும் வழியில் குருக்கள்மடத்தில் ஆயுததாரிகளால் மறிக்கப்பட்டு, கடத்திக் கொல்லப்பட்டது. கடலையும் பாலைவனத்தையும் வானத்தால் கடந்து வந்தவர்கள், வீட்டுக்கு இன்னும் கொஞ்சத் தூரம் இருக்கையில் நின்றுபோனார்கள். அவர்களைப் பார்த்து ஸலாம் சொல்லக் காத்திருந்த வீடுகளில் சிலவற்றை நான் அறிவேன். அல்லாஹ் அவர்களைப் பொருந்திக் கொள்வானாக.

எங்கள் பாட்டன்மாரின் காலத்தில் நேரம் மாதங்களால் எண்ணப்பட்டது. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல், அங்கிருந்து ரயிலில் பம்பாய், பம்பாயில் ஹஜ் கப்பலுக்காகக் காத்திருப்பு என்று போனவர்கள் பலர். (தனுஷ்கோடியை 1964 டிசம்பரில் புயல் அழித்த பின் அந்த வழி அடைபட்டது.) கிழக்கிலிருந்து வரும் ஹஜ் கப்பல்களைச் செங்கடலில் கமரான் தீவில் நிறுத்தி, நோய் இருக்கிறதா என்று பார்த்து நாட்கணக்கில் தடுத்து வைத்த காலமும் இருந்தது. துன்பமான பயணம்தான். ஆனால் அதில் ஒரு வசதி இருந்தது. யலம்லம் எல்லைக்கு நேராகக் கப்பல் வருகிறதென்று முன்பே அறிவிப்பு வரும். கப்பல் மணிக்கு இருபது கிலோமீற்றரளவே போகும். குளிக்கவும், உடுக்கவும், இரண்டு ரக்அத் தொழவும், தெரியாதவர் தெரிந்தவரிடம் கேட்கவும் நேரமிருந்தது. இதை மனதில் வைத்துக் கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

தொழுகையைப் பற்றிக் கேட்காத பெண்ணில்லை. இதற்குச் சுருக்கமான பதில் உண்டு. பிரயாணிக்கு ளுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துச் சுருக்கித் தொழ அனுமதி இருக்கிறது. பகல் விமானமென்றால், நேரம் வந்ததும் கட்டுநாயக்கவில் தொழுகை அறையிலேயே ளுஹருடன் அஸரையும் தொழுதுவிட்டு ஏறலாம். அல்லது பிற்படுத்தும் நிய்யத்துடன் போய், நேரம் தவறுமுன் இறங்குவதானால், ஜித்தாவில் தொழலாம். அப்போது விமானத்துக்குள் தொழ வேண்டிய தேவையே வராது. சிக்கல் ஸுபஹ் ஒன்றில்தான். அதை எதனுடனும் சேர்க்க முடியாது.

அந்தச் சிக்கல் பெரும்பாலும் திரும்பி வரும்போதுதான் வரும். ஜித்தாவிலிருந்து இரவில் கிளம்பும் விமானம் கிழக்கு நோக்கி, வரும் சூரியனுக்கு எதிரே ஓடுகிறது. தரையில் ஒன்றேகால் மணித்தியாலம் நிற்கும் ஸுபஹுடைய நேரம், அப்போது ஏறத்தாழ ஐம்பது நிமிடமாகச் சுருங்கிவிடும். எல்லோரும் களைத்துத் தூங்கும் நேரமும் அதுதான். யன்னல் ஓரத்தில் இருப்பவர் மூடியைச் சற்று உயர்த்திப் பார்க்க வேண்டும். கிழக்கு வெளுத்தால் எழும்புங்கள். நின்று கிப்லாவை முன்னோக்கித் தொழ இடம் கிடைத்தால் அப்படியே தொழுங்கள். அனேகமாக விமானத்தின் பின்பகுதியில், பணிப்பெண்ணிடம் கேட்டால் ஓரிடம் தருவார்கள். இல்லாவிட்டால் நேரத்தைக் கண்ணியப்படுத்தி இயன்றவாறு தொழுது, இறங்கிய பின் மீட்டித் தொழ வேண்டும் என்பதே ஷாபிஈ மத்ஹபில் நாங்கள் ஓதியது. வுழூவுக்கு ஒவ்வோர் உறுப்பையும் ஒரு தடவை கழுவினால் போதும். அந்தச் சிறிய அறையில் தண்ணீரைக் கொட்டிவிட்டு வருவது அடுத்தவருக்குச் செய்யும் தொல்லை. நானே என் முதல் பயணத்தில் செய்த தொல்லைதான் அது.

நோன்போடு போகிறவர்களுக்கு இதன் மறுபக்கம். மேற்கே போகும் விமானம் சூரியனைத் துரத்திக் கொண்டு போகிறது. பகல் 2 மணிக்கு ஏறியவரின் கடிகாரத்தில், ஊரில் நோன்பு திறக்கும் ஆறேகால் மணி வந்துவிடும். யன்னலில் சூரியன் பளபளவென்று நிற்கும். பேரீச்சம்பழத்தைக் கையில் எடுத்துவிடாதீர்கள். இருக்கும் இடத்தில் சூரியன் மறைய வேண்டும், ஊரில் மறைந்தது போதாது. அன்றைய நோன்பு இரண்டரை மணித்தியாலம் அளவில் நீளும். முடியாதவருக்குப் பிரயாணியின் சலுகை இருக்கிறது. பிறகு கழாச் செய்யலாம்.

இனி அந்தத் தாயின் கதை.

அவர் கணவருடனும் நாற்பது பேர் கொண்ட ஒரு குழுவுடனும் போனார். வயது நாற்பத்தைந்து இருக்கும். பதினான்கு நாள் பயணம். விமானம் புறப்பட்டு இரண்டு மணித்தியாலம் ஆகியிருக்கும்போது, தொழுகை இல்லாத நாள் தொடங்கிவிட்டதை உணர்ந்தார். எதிர்பாராத நாள். பக்கத்தில் கணவர் தூங்கிக் கொண்டிருந்தார். குழுவை அழைத்துச் சென்றவர் பல வரிசைகளுக்கு முன்னால். ஓர் ஆணிடம் போய் இதை எப்படிக் கேட்பது? தனக்கு இனி உம்றா இல்லை என்று அவராகவே முடிவு செய்து கொண்டார். அறிவிப்பு வந்தது. "லப்பைக்" என்று எல்லோரும் தல்பியா சொன்னார்கள். அவர் வாயை மூடிக் கொண்டு, முந்தானையால் முகத்தை மறைத்து அழுதார். அருகிலிருந்தவர்கள் அது ஆசையினால் வந்த அழுகை என்று நினைத்தார்களாம்.

நிய்யத்தில்லாமல் எல்லையைக் கடந்துவிட்டார். மக்காவில் குழு உம்றாச் செய்யப் போனது. அவர் ஹோட்டல் அறையில் இருந்தார். மூன்றாம் நாள்தான் கணவரிடம் சொன்னார். சுத்தமான பின், அல்லாஹ்வின் உதவியால் ஒரு நல்ல ஆலிமைச் சந்தித்து, மீகாத்துக்குத் திரும்பிப் போய் இஹ்ராம் கட்டி வர வேண்டும் என்று தெரிந்து கொண்டார்கள். வாடகை வாகனத்தில், எழுபது எண்பது கிலோமீற்றர் தூரத்திலுள்ள அஸ்ஸைலுல் கபீருக்குப் போய் வந்து உம்றாவை நிறைவேற்றினார். அல்ஹம்துலில்லாஹ். ஆனால் "அல்லாஹ் என்னை வாசலில் வைத்துத் திருப்பிட்டான் எண்டு நினைச்சிட்டன்" என்று அந்த நாட்களைப் பற்றி அவர் என் மனைவியிடம் சொன்னாராம். அந்த நாட்களை அவருக்கு யார் திருப்பிக் கொடுப்பது?

சகோதரிகளே, ஹைளு வந்த பெண்ணும் பிரசவித்த பெண்ணும் இஹ்ராம் கட்டலாம். கட்டத்தான் வேண்டும். நபி (ஸல்) அவர்களுடைய ஹஜ் பயணத்தின் ஆரம்பத்தில், துல்ஹுலைபாவில் அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்கள் பிள்ளை பெற்றார்கள். குளித்து, துணி கட்டிக் கொண்டு இஹ்ராம் கட்டும்படி அவர்களுக்குச் சொல்லப்பட்டது. அதே பயணத்தில் ஆயிஷா (ரலி) அவர்களுக்கும் மாதவிடாய் வந்து அவர்கள் அழுதார்கள். தவாபைத் தவிர ஹாஜிகள் செய்யும் எல்லாவற்றையும் செய்யுமாறு நபியவர்கள் கூறினார்கள். முஃமின்களின் தாயே அழுத இடம் இது. அழுவதில் வெட்கமில்லை, கேட்பதிலும் வெட்கமில்லை. குளிப்பு ஸுன்னத்துத்தான். விமானத்தில் குளிக்க முடியாததால் எதுவும் கெட்டுவிடாது. நிய்யத்தை வைத்து, தல்பியாவைச் சொல்லி, சுத்தமாகும் வரை இஹ்ராமிலேயே இருந்து, பிறகு குளித்து தவாபும் ஸஃயும் செய்து முடிக்கலாம். பெண்ணுக்கு இஹ்ராமுக்கென்று தனி உடையில்லை. முகத்தை மூடும் நிகாபும் கையுறையும் அணியாமல், வழமையான மறைவான ஆடையோடு இருந்தால் சரி.

எல்லை எங்கே வருகிறது? முன்பு சொன்ன நூல், தாயிபுக்கு அருகேயுள்ள கர்னுல் மனாஸில் என்னும் மீகாத்தின் பக்கமாகவே போகிறது. அந்தத் தாய் திரும்பிப் போன அஸ்ஸைலுல் கபீர் அதுதான். நேரடி விமானத்தில் இது ஐந்தாவது மணித்தியாலம் கழிந்த பின், இறங்குவதற்கு அரை மணித்தியாலம் இருக்கும் அளவில் வரும். உயரத்தில் ஓடும் விமானம் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 14 கிலோமீற்றர் போகிறது. கப்பல் முக்கால் மணித்தியாலத்தில் கடந்த தூரம் அது. அறிவிப்பின்போது கழிவறையில் இருந்துவிட்டால், தூங்கிவிட்டால், அல்லது அறிவிப்பே இல்லாத விமானமாக இருந்தால், எல்லை போய்விடும். ஜித்தாவில் இறங்கிக் கட்டிக் கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். விமானப் பயணிகளும் மீகாத்துக்கு நேராக வரும்போதே இஹ்ராம் கட்ட வேண்டும் என்று 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அக்கடமி தீர்மானித்தது. பேணுதலுக்காகக் கொஞ்சம் முன்னரே நிய்யத் வைப்பது கூடும். ஆகவே கடிகாரத்தைப் பார்த்து, ஐந்து மணித்தியாலம் ஆனதும் ஆயத்தமாகிவிடுங்கள்.

துபாய், தோஹா போன்ற இடங்களில் மாறிப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. துபாயிலிருந்து ஜித்தாவுக்கு மூன்று மணித்தியாலமளவுதான். இரண்டாவது விமானத்தில் ஏறி இரண்டு மணித்தியாலம் ஆகும்போதே ஆயத்தமாக வேண்டும். முதலில் மதீனா போகும் குழுவென்றால் விமானத்தில் எதுவும் தேவையில்லை. மதீனாவிலிருந்து புறப்படும்போது துல்ஹுலைபாவில் கட்டிக் கொள்ளலாம்.

குழுக்களை அழைத்துச் செல்லும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. பெண்களிடம் விளக்கம் சொல்ல, விடயம் தெரிந்த ஒரு பெண்ணைக் குழுவில் சேர்த்துக் கொள்ளுங்கள். விமானத்தில் அவரைப் பெண்களின் நடுவே இருத்துங்கள். உங்கள் முகத்தைப் பார்த்து அவர்கள் கேட்க மாட்டார்கள். திரைக்கு அப்பாலிருந்தே என்னிடம் கேட்கவில்லையே.

இந்த வருடம் உம்றாவுக்குப் போகும் பெண்களுக்கு வகுப்பு எடுத்தபோது, கரும்பலகையைப் பெண்கள் பக்கம் திருப்பி வைக்கச் செய்தேன். அதில் முன்னரே ஒரு நீண்ட கோடு வரைந்திருந்தேன். ஒரு முனையில் கட்டுநாயக்க, மறுமுனையில் ஜித்தா. கோட்டின் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால், சிவப்புச் சோக்கினால் ஒரு புள்ளி. "ஐந்து மணித்தியாலம்" என்று அதன் கீழே எழுதி, என் மனைவியை அங்கே நின்று விளக்கச் சொன்னேன். திரைக்கு அப்பால் கேள்விகள் அடுக்கடுக்காக வந்தன. அவற்றில் அரைவாசி என் காதுக்கு வரவில்லை, வரவும் வேண்டியதில்லை. கடைசியில் ஒரு வயதான உம்மாவின் குரல் மட்டும் உரத்துக் கேட்டது.

"மௌலவி, அந்தச் சிவப்புப் பொட்டு வாற இடம் மேல இருந்து பார்த்தாத் தெரியுமா?"

"இரவானால் தெரியாது உம்மா. பகலானால் தாயிப் மலை தெரியும்" என்றேன்.

"அப்ப மகன்ட சொல்லி எனக்கு ஒரு யன்னல் சீற்ற எடுத்துத் தரச் சொல்லுங்க."